கடலோரத்தில் ஒரு கல்குவாரி

மால்டன், மாசசூசெட்ஸ்
செப்டம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலந்தானே? போனில் பேசினால் "சாப்பிட்டியாம்மா, பாப்பா என்ன பண்றா" என்று கேட்டுவிட்டு உடனே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். இது உங்களிடம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதனால்தான் கடிதம். எழுத்தையும் பெரிதாகவே எழுதியிருக்கிறேன், கண்ணாடி தேட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை ராக்போர்ட் என்ற ஊருக்குப் போயிருந்தோம். பாஸ்டனுக்கு வடகிழக்கே, கேப் ஆன் என்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் நுனியில் இருக்கிறது. அங்கே ஹாலிபட் பாயின்ட் என்று ஒரு மாநிலப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சல், சறுக்குமரம் என்று நினைத்துவிடாதீர்கள். காட்டையும் பாறையையும் இருந்தபடியே விட்டுவிட்டு, நடக்க ஒரு பாதை, வண்டி நிறுத்த ஓர் இடம், ஒரு கழிப்பறை, இவ்வளவு செய்துவிட்டால் இந்த ஊரில் அது பூங்கா. எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. செலவும் குறைவு, கெடுதலும் குறைவு.

கடல் பார்க்கலாம் என்றுதான் அவர் கூட்டிப்போனார். வண்டியை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்தோம். சட்டென்று மரம் விலகியது. எதிரே கல்குட்டை! சத்தியமாக அப்பா, நம்ம சிக்கராயபுரம் குவாரியில் கொண்டுவந்து நிறுத்தின மாதிரி இருந்தது. செங்குத்தாக வெட்டின சுவர், படிப்படியாக இறங்கும் பாறை, கீழே பச்சையும் நீலமுமாய்த் தண்ணீர். ஒரே வித்தியாசம், குட்டையின் அந்தக் கரைக்கு மேலே தலையைத் தூக்கினால் அட்லாண்டிக் கடல் தெரிகிறது.

பாப்சன் பண்ணைக் குவாரி என்று அதற்குப் பெயர். இந்தப் பக்கத்தில் 1840-களிலேயே கல் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். பிறகு ராக்போர்ட் கிரானைட் கம்பெனி என்று ஒன்று வந்து பெரிய அளவில் வெட்டியிருக்கிறது. தெருவில் பதிக்கிற கல்லாக நறுக்கி, கப்பலில் ஏற்றி பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா என்று அனுப்பியிருக்கிறார்கள். 1929-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். மழைத் தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து குழி நிரம்பிவிட்டது. ஆழம் 60 அடி. 1981-ல் மாநில அரசு இடத்தை வாங்கி, ஜனங்கள் வந்து பார்க்கத் திறந்துவிட்டது.

ஏன் மூடினார்கள் தெரியுமா? கட்டடத்துக்குக் கான்கிரீட்டும் ரோட்டுக்குத் தாரும் வந்துவிட்டன, கல்லைக் கேட்பார் இல்லை. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இங்கே கான்கிரீட் வந்து குவாரியை மூடியது. நம்ம ஊரில் கான்கிரீட்டுக்கு ஜல்லி வேண்டும் என்றுதானே மலையையே கரைத்தார்கள்!

அவரும் பாப்பாவும் கடலைப் பார்க்க முன்னால் போய்விட்டார்கள். எனக்குக் கால் நகரவில்லை. குட்டையைச் சுற்றி வெட்டிப் போட்ட கல் இன்னும் அப்படியே கிடக்கிறது. ஒரு கல்லின் ஓரத்தில் குழாயை நெடுக்காகப் பிளந்தது போலப் பாதி வட்டமாக ஒரு பள்ளம், என் கட்டைவிரல் சரியாக உட்காரும் அளவுக்கு. நாலைந்து விரற்கடை தள்ளி இன்னொன்று. அப்படியே வரிசையாக, நூல் பிடித்த மாதிரி. பள்ளத்துக்குள் விரலை ஓட்டிப் பார்த்தேன். உளி திரும்பித் திரும்பி இறங்கின தடம் இன்னும் நெருடுகிறது. மறுபாதி வட்டம் எந்த ஊர்த் தெருவில் இருக்கிறதோ.

அவர்கள் செய்த முறையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடு, நடுவில் ஓர் ஆப்பு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒவ்வோர் ஆப்பாகத் தட்டிக்கொண்டே போய், திரும்ப வந்து, கல் தானாகப் பிளக்கும் வரைக்கும். பாறையைப் பெயர்க்க மட்டும் வெடிமருந்து வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் கையால் துளை, பிறகு நீராவி இயந்திரம். இங்கே கல் படுக்கை படுக்கையாகக் கிடையாக வெடித்திருப்பதால் பெயர்ப்பது சுலபமாம். இந்தப் பக்கத்துக் கல் ஒரு திசையில் நன்றாகப் பிளக்கும், இன்னொரு திசையில் சுமாராகப் பிளக்கும், மூன்றாவது திசையில் பிடிவாதம் பிடிக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. "வாட்டம் பார்த்து அடிக்கணும், இல்லைன்னா கல்லு நம்மளைப் பார்த்துச் சிரிக்கும்" என்று நீங்கள் முருகேசன் சித்தப்பாவிடம் சொல்வீர்களே, அது நினைவுக்கு வந்தது.

கல்லின் நிறம் சாம்பல். சில இடத்தில் லேசாகப் பச்சை ஓடுகிறது, நடுநடுவே கரும்புள்ளி. வயது 44 கோடி ஆண்டு. ஆனால் நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டாம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்கு 250 கோடி ஆண்டு. வயதில் நம்ம கல்தான் பெரியவர்.

வேலை செய்தவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். பின்லாந்து, ஸ்வீடன், அயர்லாந்து, இத்தாலி என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள். கல் தூசி இந்த நாட்டிலும் யாரையும் விட்டுவைக்கவில்லை. கிரானைட் அறுத்த ஊர்களில் நெஞ்சில் தூசி படிந்து செத்தவர்கள் ஏராளம். இந்தப் பக்கம் பார்க்க வருகிறவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தண்ணீரைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

குட்டையில் குளிக்கத் தடை. நம்ம பக்கம் ஒவ்வொரு கோடையிலும் கல்குட்டையில் இறங்கி எத்தனை பையன்கள் உயிரை விடுகிறார்கள், இங்கே இறங்குவாரைக் காணோம். சும்மா பார்க்கத்தான் தண்ணீர். 2017 வறட்சியில் சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் பண்ணி சென்னைக்கே குடிக்கக் கொடுத்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். நம்பவே இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

சரி, கடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். மெரினா மாதிரி மணல் கிடையாது. உடைந்த கழிவுக் கல்லை எல்லாம் கடல் பக்கமாகக் கொட்டி ஒரு குன்றே ஆக்கியிருக்கிறார்கள். அதன்மேல் ஏறி நின்றால் காற்று ஆளைத் தள்ளுகிறது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே மெய்ன் மாநிலத்து மலைகூடத் தெரியுமாம். எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் கட்டின 60 அடிக் கோபுரம் ஒன்றும் நிற்கிறது. எதிரிக் கப்பல் வந்தால் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று பார்த்துப் பீரங்கிக்காரர்களுக்குச் சொல்வதற்காகக் கட்டினது.

கீழே இறங்கினால் அகலமான பாறைப் படுகைகள், அப்படியே சரிந்து கடலுக்குள் போகின்றன. கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம் இங்கே எட்டொன்பது அடி. சென்னையில் மூன்றடி இருந்தால் பெரிது. தண்ணீர் வற்றும்போது பாறை இடுக்கில் குட்டை குட்டையாக நிற்கிறது, அதில் நத்தை, சங்குக்குள் ஒளிந்த நண்டு, சிவப்புப் பாசி. பாப்பா ஒரு நண்டு வெளியே வரும் என்று குந்திக்கொண்டே இருந்தாள். அது வரவில்லை, இவள் எழுந்திருக்கவில்லை. ஆனால் பாறையில் கறுப்பாக இருக்கிற இடத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. கறுப்புப் பாசி, எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும். அலையும் சொல்லிக்கொண்டு வராது. தண்ணீரோ, கை வைத்ததும் எலும்பு வரைக்கும் குளிர்கிறது, செப்டம்பரிலேயே.

அடுத்த வருடம் விசா கிடைத்தால் உங்களை முதலில் அழைத்துப் போகப்போவது இங்கேதான். சுதந்திரதேவி சிலை எல்லாம் அப்புறம். ஜூனில் வாருங்கள், அதற்கு முன்னால் உங்களுக்குக் குளிர் தாங்காது.

ஒரு சந்தேகம் மட்டும். வெட்டிப் போட்ட ஒரு பெரிய கல்லில் துளை வரிசை முழுதாக இருக்கிறது, ஆனால் பிளக்காமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். படத்தைத் தம்பி போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வலது ஓரத்தில் ஒரு வெள்ளை ரேகை ஓடுகிறது பாருங்கள், அதைப் பார்த்துத்தான் விட்டார்களா? இல்லை, குவாரியை மூடினதால் பாதியில் நின்றதா? பதில் எழுத வேண்டாம், தம்பியிடம் சொல்லி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
செல்வி

பி.கு.: இருமல் குறைந்துவிட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள், இல்லை என்று அம்மா சொல்கிறாள். நான் அம்மாவைத்தான் நம்புகிறேன். இந்த மாதப் பணத்தில் எக்ஸ்ரேவுக்கும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். தாம்பரத்துக்குத் தம்பியோடு போய்விட்டு வாருங்கள்.