கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதே

அன்புள்ள பாப்பா,

காலை 10 மணி மீட்டிங்குக்குப் போகவேண்டிய, தேறாத பாகங்களின் கணக்கான ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட் இந்த மாதம் மூன்று தடவை தாமதம், "எல்லாம் என் சோம்பல்தான்" என்று சொன்னாய். உன் சப்ளையர், குறையின் காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படியில் எழுதும் 8டி ரிப்போர்ட்டில் மூலக்காரணம் "ஆபரேட்டர் கவனக்குறைவு", நடவடிக்கை "பயிற்சி அளிக்கப்பட்டது" என்று எழுதி அனுப்பினால் ஒப்புக்கொள்வாயா? திருப்பி அனுப்பிவிடுவாய். உன் விஷயத்தில் மட்டும் அதையே எழுதிக் கையெழுத்துப் போடுகிறாயே!

தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 9001 தரநிலையில், குறை வந்தால் என்ன செய்வதென்று சொல்லும் 10.2 பிரிவை நினைத்துப் பார். பிசிறோடு வந்த பாகத்தை அரத்தால் தேய்த்து அனுப்புவது திருத்தம். பிசிறு ஏன் வருகிறதென்று தேடி, எத்தனை பீஸுக்கு ஒருமுறை டூலை மாற்றுவது என்பதைச் சரிசெய்வது திருத்த நடவடிக்கை. ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்து விட்டதை முடிப்பது அரம் பிடிக்கிற வேலை. நாளைக்கும் பிசிறு வரும்.

மூலக்காரணம் தேட அடுக்கடுக்காகக் கேட்கிற ஐந்து 'ஏன்'-ஐ நீ சொன்னதை வைத்தே கேட்டுப் பார்த்தேன். நாலிலேயே நின்றுவிட்டது. ரிப்போர்ட் ஏன் தாமதம்? மூன்றாம் ஷிஃப்ட் கணக்கு 9.30-க்குத்தான் உன் கைக்கு வருகிறது. ஷிஃப்ட் 6 மணிக்கே முடிகிறதே, ஏன்? எந்த பாகத்தின் கணக்கு என்று தாளில் தெரியாமல் சூப்பர்வைசர் ஆளைத் தேடிக் கேட்கிறார். ஏன் தெரியவில்லை? பாக எண்ணை ஓரத்தில் கிறுக்குகிறார்கள். ஏன் ஓரத்தில்? படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை. இதில் உன் சோம்பல் எங்கே வந்தது? பாக எண்களை அச்சடித்தே கொடு, அவர்கள் எண்ணிக்கையை மட்டும் நிரப்பட்டும்.

மற்ற தாமதங்களுக்கு இரண்டு வாரம் ஒரு தாள் போதும். இடப்பக்கம் ஐந்தாறு காரணம்: தகவலுக்குக் காத்திருப்பு, செய்ததையே திரும்பச் செய்வது, ஃபைல் தேடுவது, திடீர் மீட்டிங், ஃபோன். நடக்கும்போதே கோடு போடு, நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே. சாயங்காலம் நினைவிலிருந்து போட்டால் எரிச்சலூட்டியதுதான் அதிகம் இருக்கும், அடிக்கடி நடந்தது இருக்காது. அதிகக் கோடு விழுந்த ஒன்றை மட்டும் எடு. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. அரைமணிக்கொரு கட்டம் போட்ட ஆப் எல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை நிரப்பவே ஒரு ஆள் வேண்டும்.

ஒரு நாள் சறுக்கியதற்காக முழு ஏற்பாட்டையும் மாற்றாதே. கணினி இயக்கும் சிஎன்சி மெஷினில் ஒவ்வொரு பீஸையும் அளந்து, அளவு கொஞ்சம் தள்ளியிருக்கும்போதெல்லாம் டூலின் இடத்தைச் சரிசெய்யும் ஆஃப்செட்டைத் திருகுகிறவர் மெஷினில் அளவு இன்னும் பரவலாகத்தான் சிதறும். 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட் கட்டுப்பாட்டு வரைபடம் போட்டது இதற்காகத்தான்: எப்போதும் இருக்கிற ஏற்ற இறக்கம் எது, தனிக் காரணத்தால் வந்தது எது என்று பிரித்துப் பார்க்க. புயல் மழையில் கம்பெனி பஸ் வராத நாளை ஓரத்தில் தனியாகக் குறித்துவை, மற்ற கோடுகளோடு கலக்காதே.

படிவம் மாறி நான்கு வாரம் கழித்து, அதே தாளில் இன்னொரு இரண்டு வாரம் கோடு போடு. முதலில் 11, இப்போது 3 என்றால் அந்தப் படிவத்துக்கு ரிவிஷன் எண் (திருத்திய பதிப்பின் எண்) கொடுத்துப் பழைய படிவக் கட்டைக் கிழித்துப்போடு. மேஜையில் கிடந்தால் யாராவது அதையே எடுத்து எழுதுவார்கள். குறையவில்லை என்றால் மூன்றாவது 'ஏன்'-இல் தப்பு பண்ணியிருக்கிறோம், அங்கிருந்து மறுபடி கேள்.

முதல் தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மா இட்லிப் பொடி கொடுத்துவிடச் சொன்னாள், சனிக்கிழமை பார்சலில் வரும்.

அன்புடன்,
அப்பா