மரமே விடும்வரை

ரவுப், பகாங், மலேசியா
ஜூலை 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். "டுரியான் பழம் நம்ம பலா மாதிரியா?" என்று போனில் கேட்டாய். அன்றைக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பலாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கலாம். இது கையைக் கிழித்துவிடும். மலாயில் 'டுரி' என்றாலே முள்தான்.

அப்பா பலாவைத் தட்டிப் பார்த்து, இன்னும் எத்தனை நாள் என்று சொல்வாரே, அந்த வேலை இங்கே இல்லை. எங்கள் தோட்டத்தில் யாரும் பறிப்பதில்லை. பழுத்தால் மரமே விடும், பெரும்பாலும் ராத்திரியில். அடியில் வலை கட்டியிருக்கிறோம். படுத்திருக்கும்போது இலையில் சரசரப்பு கேட்கும், அப்புறம் 'தொம்'. ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ. பயப்படாதே, ஹெல்மெட் போடாமல் மரத்தடிக்குப் போக மாட்டேன்.

மார்ச்சில் பூத்தபோது நீ பார்த்திருக்க வேண்டும். மொட்டு சாயங்காலம் விரியும், புளித்த பால் வாசனையோடு. இருட்டியதும் சின்னச் சின்ன வௌவால்கள் தேன் குடிக்க வரும். அவை உடம்பில் ஒட்டிக்கொண்டு போகும் மகரந்தத்தால்தான் காய் பிடிக்கிறது. விடிந்தால் தரையெல்லாம் இதழ். வௌவாலைக் கல்லால் அடித்தவன் நான். இப்போது யாராவது விரட்டினால் மனசு பதறுகிறது.

இங்கே முசாங் கிங் ரகம்தான் ராஜா. பழத்தின் அடியில் நட்சத்திரம் போல ஒரு தடம் இருக்கும். அங்கே கத்தியைச் செருகித் திருப்பினால் பிளந்துகொள்ளும். உள்ளே மஞ்சள் சுளை, வெண்ணெய் மாதிரி. போன வருஷம் முதல் நாள் நாற்றம் தாங்காமல் தள்ளி நின்றேன். இப்போது இனிப்புக்குப் பின்னால் வரும் அந்த லேசான கசப்புக்காகவே சாப்பிடுகிறேன். கூட வேலை செய்யும் மலாய்ப் பெரியவர் காலி ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவச் சொன்னார், வாசனை போகும் என்று. சூடு தணிய மங்குஸ்தானும் கொடுத்தார். பலாச்சுளை தின்றால் நீ மோர் கொடுப்பாயே, அதே கணக்கு.

உனக்கு ஒரு சுளை கொண்டுவர முடியாததுதான் குறை. நாற்றத்துக்குப் பயந்து ஓட்டல் வாசலிலேயே டுரியான் படம் போட்டுத் தடுக்கிறார்கள், விமானத்தில் எப்படி விடுவார்கள்? குன்னூர் போகும் வழியில் பர்லியார் அரசுப் பண்ணையில் இந்த மரம் உண்டு. அடுத்த வருஷம் லீவில் வரும்போது உன்னை அங்கே கூட்டிப்போகிறேன்.

கொல்லைப் பலாவில் இன்னும் காய் இருக்கிறதா? அப்பாவைத் தட்டிப் பார்க்க மட்டும் சொல். மரம் ஏறத் தம்பி இருக்கிறான்.

உன் அன்பு மகன்