பி.ஏ. மாணவர்களுக்கும் செய்முறைத் தாள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கலை, அறிவியல் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கை நடைபெறும் பருவத்தில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு எழுகிறது. பி.காம்., கணினி அறிவியல் இடங்களுக்குத்தான் போட்டி. வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் ஆகியவற்றை வேறிடம் கிடைக்காதவர்களே எடுக்கிறார்கள். படித்தாலும் வேலை இல்லை என்பது அந்தப் பேச்சு. பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், குறை அந்தப் பாடங்களில் இல்லை, நாம் அவற்றை நடத்தும் விதத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பி.எஸ்சி. வேதியியல் மாணவர் வாரத்தில் சில மணி நேரமாவது ஆய்வகத்தில் நிற்கிறார். செய்முறைத் தேர்வில் தேறாமல் அவருக்குப் பட்டம் இல்லை. அதே கல்லூரியில் பி.ஏ. பொருளியல் படிப்பவரோ, ஒரு விவசாயியிடமும் சாகுபடிச் செலவைக் கேட்டறியாமல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லும் மணிலாவும் (நிலக்கடலை) ஏலம் போவதை ஒருமுறையும் காணாமல், ஆறு பருவங்களையும் வகுப்பறையிலேயே கழித்துப் பட்டதாரியாகிவிட முடியும். உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையைப் பற்றிப் பத்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதத் தெரிந்த வரலாற்று மாணவருக்கு, தம் ஊர்க் கோயிலின் அதிட்டானத்தில் (அடித்தளத்தில்) உள்ள கல்வெட்டைப் படியெடுக்க யாரும் கற்றுத் தந்ததில்லை. சில கல்லூரிகளில் இறுதிப் பருவத்தில் 'புராஜெக்ட்' உண்டு. அதன் உண்மை நிலை கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்காரருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

களத்தில் இறங்கிக் கற்பது நம் மாநிலத்துக்குப் பழக்கமில்லாத முறையும் அன்று. 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராகப் பொறுப்பேற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியப் பொருளாதாரத்தை இங்கிலாந்துப் பாடநூல்களிலிருந்து கற்பிக்க முடியாது என்று கண்டு, மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, அவரவருக்குத் தெரிந்த கிராமத்தின் நிலம், பயிர், கூலி, கடன் முதலியவற்றை ஆராய்ந்து எழுதச் செய்தார். இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அந்த அறிக்கைகள் 1918இல் நூலாக வெளிவந்தன. 1930களில் பொருளியலாளர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் இந்த ஊர்களுக்கு மீண்டும் சென்று கணக்கெடுத்தனர். 1980களிலும் அதன் பின்னரும் ஆய்வாளர்கள் இவற்றுள் சில ஊர்களைத் தேடிச் சென்றார்கள். நிலவுடைமை யாரிடமிருந்து யாரிடம் மாறியது, விவசாயக் கூலி எப்படி நகர்ந்தது என்பதை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குத் தொடர்ந்து காட்டும் ஊர்கள் இந்தியாவில் மிகச் சிலவே. அத்தொடருக்கு முதல் கணக்கைத் தந்தவர்கள் மாணவர்கள் என்பதை இன்று எத்தனை பொருளியல் வகுப்புகளில் சொல்கிறோம் என்று தெரியவில்லை.

ஆகவே, மூன்றாம் ஆண்டில் ஒரு விருப்பப் பாடத்தை நீக்கிவிட்டு, பி.ஏ. பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல் மாணவர்கள் அனைவருக்கும் கட்டாயக் கள ஆய்வுத் தாள் ஒன்றை வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. இதற்கென்று கட்டடமோ கருவிகளோ வாங்க வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் கொண்ட 'அ' பதிவேடும் பயிர் விவரம் கொண்ட அடங்கலும் இருக்கின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும் நியாயவிலைக் கடையும் ஊர்ப்பக்கத்திலேயே உள்ளன. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் யார் பேசுகிறார்கள், பெண்களும் பட்டியலினத்தவரும் வைக்கும் கோரிக்கைகள் தீர்மானங்களில் இடம்பெறுகின்றனவா என்று ஒரு மாணவர் கூட்டத்துக்குக் கூட்டம் குறித்து வந்தால், உள்ளாட்சி குறித்து அச்சிட்ட நோட்ஸ் தராத அறிவு அவருக்குக் கிடைக்கும். தரவு திரட்டவும் அட்டவணைப்படுத்தவும் பிழையின்றி அறிக்கை எழுதவும் தெரிந்த பட்டதாரிக்கு வேலைச் சந்தையில் கிடைக்கும் மதிப்பைப் பற்றி நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்பதையும் அறிவேன். ஒரு வகுப்பில் அறுபது பேர் இருக்க, அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்களில் பலர் குறைந்த ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களாக இருக்க, களப்பணியை யார் மேற்பார்ப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் எந்தப் பாடத்திட்டச் சீர்திருத்தமும் காகிதத்தைத் தாண்டாது. மாணவியரை வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்ற தயக்கத்துக்கு ஸ்லேட்டரின் முறையிலேயே விடை இருக்கிறது. அவரவர் ஊரை அவரவர் ஆராயட்டும். நகரத்து மாணவர்கள் தம் தெருவையோ அருகிலுள்ள சந்தையையோ எடுத்துக்கொள்ளட்டும்.

மதிப்பீட்டில் மட்டும் தளர்வு கூடாது. அச்சிட்ட அறிக்கைக்குப் பாதி மதிப்பெண்ணும், களத்தில் கைப்பட எழுதிய குறிப்பேட்டுக்கும் புறத்தேர்வாளரின் நேர்முக வினாக்களுக்கும் மீதிப் பாதியும் அளித்தால் விலைக்கு வாங்கிய அறிக்கைகள் தாமாகவே குறையும். தேறிய அறிக்கை ஒவ்வொன்றின் படியும் கல்லூரி நூலகத்தில் ஊர்ப் பெயர் வரிசையில் வைக்கப்பட வேண்டும். பத்தாண்டு கழித்து அதே ஊரிலிருந்து வந்து சேரும் மாணவர், தம் கணக்கை அதனோடு ஒப்பிட்டு எழுத அது உதவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பொருளியல் ஆசிரியர்,
விழுப்புரம்.