வாத்துத் துப்பாக்கி

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள ரகு,

உன் குரல் பதிவைக் கேட்டு இரண்டு கிழமை ஆகிறது. பதில் போட நேரம் கிடைக்கவில்லை, குறை நினைக்காதே. அம்மா வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். சாமான்களை ஓர் அறையிலிருந்து மற்ற அறைக்கு இழுத்து இழுத்து நாரி நோகிறது. அம்மா சுகமாக இருக்கிறார். கண் ஒபரேஷனுக்குப் பிறகு பேப்பரைத் தானே வாசிக்கிறார். "ரகு எப்ப வாறான்?" என்று நேற்றும் கேட்டார். உன் அக்கா மகளுக்குக் கல்யாணம் சரிவந்ததில் எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். டிசம்பரில் நீ வரும்போது மிச்சக் கதையெல்லாம் கதைக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் எழுதப்போவது டிசம்பர் வரை பொறுக்காது.

பரணைத் துப்புரவாக்கும்போது பழைய சேலை சுற்றிய ஒரு கட்டு விழுந்தது. பிரித்தால், நம்முடைய டீவி கேம். வெள்ளைப் பெட்டி நன்றாக மஞ்சளாகிவிட்டது. இரண்டு கன்ட்ரோலர், நான்கு கேசட், அடியில் வாத்துச் சுடுகிற துப்பாக்கி.

அந்தத் துப்பாக்கியை உன் வீட்டுக்குக் கொண்டுவர அம்மா ஒரு நாளும் விட்டதில்லை, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியையும் கேசட்டுகளையும் பையில் போட்டுத் தருவார். துப்பாக்கி மட்டும் அலுமாரிக்குள் போய்விடும். காலி வீதியில் செக்பொயின்ட் இருந்த காலம். "பிளாஸ்டிக் எண்டு எட்டத்தில நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்பார். அதனால் வாத்து விளையாட்டு என்றால் எங்கள் வீட்டில்தான். நாம் இருவரும் அப்போது அம்மாவோடு கோபித்தோம். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவள் அந்தத் துப்பாக்கியோடு வாசல் பக்கம் ஓடியபோது எனக்கே ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டது.

சரி, பெட்டியைத் துடைத்து ஹோலில் உள்ள புது டீவியில் கொளுவினோம். படம் வந்தது! பாட்டு வந்தது, நாய் வந்தது, வாத்தும் பறந்தது. ஆனால் சுட்டால் ஒன்றுகூட விழவில்லை. சின்னவள் திரையில் முட்டுகிற அளவுக்குப் போய் நின்றும் சுட்டாள். துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். அன்று இரவு ஏன் என்று தேட ஆரம்பித்தவன், பத்து நாளாக வீட்டில் எல்லாரும் படுத்த பிறகு இதையேதான் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை மச்சான். அது திரையைப் பார்க்கிறது. குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணர்கிற சின்ன சென்சர். விசையை அழுத்தியதும் கேம் திரை முழுவதையும் ஒரு கணம் கறுப்பாக்குகிறது. அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று வரும். ஒரு நொடியை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் அந்தக் கணம். முதலில் இருட்டும் பிறகு வெளிச்சமும் தெரிந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து பறந்தால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கட்டம் காட்டும். எந்தக் கட்டத்தின் நேரத்தில் வெளிச்சம் பட்டது என்பதை வைத்து எது விழவேண்டும் என்று தீர்மானிக்கும். சுடும்போது திரை மின்னுவதைத் துப்பாக்கி வெடிக்கிற வெளிச்சம் என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். நீ ஒருநாள் பல்புக்கு நேரே பிடித்துச் சுட்டுப் பார்த்தாய். ஒன்றும் விழவில்லை. 1984 இல் இதைச் செய்தவர்கள் உன்னைப் போன்ற ஒருவனை முன்கூட்டியே யோசித்திருக்கிறார்கள்: கறுப்புத் திரையின்போதும் வெளிச்சம் தெரிந்தால் அந்தச் சூடு கணக்கில் வராது.

புது டீவியில் விழாததற்கும் காரணம் இதுதான். நம்முடைய பழைய குழாய் டீவியில் சிக்னல் வந்த கணமே படமும் விழும். புதியது படத்தை வாங்கி, மெருகாக்கி, சற்றே பிந்திக் காட்டுகிறது. நம் கண்ணுக்கு அந்தத் தாமதம் தெரியாது. ஆனால் வெள்ளைக் கட்டம் வருவதற்குள் கேம் பார்த்து முடித்துவிடும். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. இதைச் சின்னவளுக்குச் சொன்னபோது அவள் அதைத் தடவிக்கொடுத்தாள்.

பிறகு மரியோவைப் பற்றி வாசித்தேன். 1985 இல் வந்த அந்த கேம் முழுவதும், படங்களும் சேர்த்து, 40 கிலோபைட்தான். போன மாதம் நீ அனுப்பிய பனிக்குவியல் போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. அதற்குள் எட்டு உலகம், கடலுக்கடி, கோட்டை, பாட்டு எல்லாம் அடங்கவேண்டும். அதனால் மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை நிறம் கொடுத்து மேலே வைத்தால் மேகம், பச்சை கொடுத்துக் கீழே வைத்தால் புதர். நான் நம்பாமல் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், அச்சொட்டாக ஒரே வளைவு! எத்தனை நூறு தடவை அந்தப் புதரைத் தாண்டி ஓடியிருப்போம்.

மரியோவின் தொப்பியும் மீசையும்கூட அப்படி வந்தவை. 1981 இல் டாங்கி காங் என்ற கேமுக்காக ஷிகெரு மியாமோட்டோ அவனை முதலில் வரைந்தபோது கிடைத்தது கொஞ்சப் புள்ளிகள்தான். அந்த அளவில் தலைமுடி அசைவதைக் காட்ட முடியாது, ஆகவே தொப்பி. வாய் வரைய இடம் இல்லை, ஆகவே பெரிய மூக்கும் மீசையும். கை அசைவது உடம்போடு கலந்துவிடாமல் தெரியவேண்டும், ஆகவே சட்டைக்கு மேல் வேறு நிறத்தில் தோள்வார் உடுப்பு. நாம் கண்ணை மூடினாலும் வரையக்கூடிய அந்த முகத்தில் ஒவ்வொன்றும் ஒரு தட்டுப்பாட்டுக்குப் பதிலாக வந்திருக்கிறது.

முதலாவதாக நடந்து வருகிற அந்தக் காளான் எதிரி இருக்கிறானே, அவன்தான் கடைசியாகச் செய்யப்பட்டவன். ஆமைகளோடு தொடங்கினால் புதிதாக விளையாடுபவர்களுக்குக் கஷ்டமாக இருந்ததாம், அதனால் மிதித்தால் உடனே சாகிற ஒருவன் தேவைப்பட்டான். அதற்குள் மெமரி ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதனால் அவனுக்கு ஒரே படம். அதை இடம் வலமாகத் திருப்பித் திருப்பிக் காட்டினால் நடப்பதுபோல் இருக்கும். இதை வாசித்துவிட்டு அவனை மிதிக்கவே மனம் வரவில்லை.

கான்ட்ரா கேமில் முப்பது உயிர் பெற அழுத்தவேண்டிய பொத்தான்களை உன் கணக்குக் கொப்பியின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தாய்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அந்த வரிசையைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 1986 இல் கிராடியஸ் என்ற கேமை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும் வேலை அவருக்கு. சோதித்துப் பார்க்க முடியாத அளவுக்கு அது கஷ்டமாக இருந்ததால், தனக்கு இலகுவாக ஞாபகம் நிற்கும் வரிசை ஒன்றைத் தன் வசதிக்குப் போட்டுக்கொண்டார். வெளியிடும்போது அதை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அதுதான் கான்ட்ராவுக்கும் வந்து, உன் கொப்பி வரைக்கும் வந்தது. 2020 இல் அவர் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த நாளில் நான் அவர் பெயரைக்கூட அறிந்திருக்கவில்லை என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

இனி உனக்கு மிகவும் பிடித்தது. பம்பலப்பிட்டியில் உன் மாமாவின் கணக்கு ஒபிஸில், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, கறுப்பு வெள்ளைத் திரையில் நாம் ஓடவிட்ட பாரசீக இளவரசன். அவன் ஓடுவதும் விளிம்பைப் பிடித்துத் தொங்குவதும் உண்மையான மனிதன்போல இருக்கிறதே என்று அப்போதே சொல்வாய். உண்மையான மனிதன்தான் ரகு. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஒரு கார் பார்க்கில் ஓட, பாய, ஏறவிட்டு வீடியோ எடுத்தார். பிறகு அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி டீவித் திரையைக் கமராவால் படம் பிடித்து, உருவத்தின் ஓரத்தைக் கையால் கறுப்பு மையால் வரைந்து கம்பியூட்டருக்குள் ஏற்றினார். ஆப்பிள் டூ கம்பியூட்டருக்கு 1989 இல் வெளிவரும்போது கிட்டத்தட்ட நாலு வருட வேலை முடிந்திருந்தது. வாள் சண்டைக்கு 1938 ஆம் ஆண்டின் ராபின் ஹூட் படத்தில் வரும் சண்டையைப் பார்த்து வரைந்தார். இசை அவருடைய அப்பாவுடையது.

கண்ணாடிக்குள்ளிருந்து பாய்ந்து வருகிற நிழல் மனிதன்தான் எனக்கு இதில் எல்லாவற்றிலும் பெரியது. அவன் வந்த அன்று நீ கதிரையிலிருந்து எழும்பிவிட்டாய். இளவரசனின் அசைவுகளே மெமரியை நிறைத்துவிட்டதால் இன்னொரு ஆளைப் போட இடமே இருக்கவில்லை. சண்டை இல்லாமல் கேம் உப்புச் சப்பில்லாமல் கிடந்தது. கூட வேலைசெய்த டோமி பியர்ஸ் என்ற பெண் எதிரி வேண்டும் என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மெக்னர் இளவரசனின் படத்தையே எடுத்து, அதைச் சற்றுத் தள்ளி அதன்மேலேயே வைத்துப் புள்ளிகளைப் புரட்டிவிட்டார். மினுங்குகிற ஒரு பேய் உருவம் வந்தது. புதிய படம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை. தன் நிழலோடு சண்டை பிடித்து, வாளை உறையில் போட்டால் நிழல் நமக்குள் சேர்ந்துவிடும் என்ற அந்தக் கதை முழுவதும் அதிலிருந்து முளைத்தது. அந்த கேமுக்கு அவர் எழுதிய மூல நிரல் வருடக்கணக்காகக் காணாமல் கிடந்து, 2012 இல் அவருடைய அப்பா வீட்டு அலுமாரியைக் கிளறும்போது பழைய டிஸ்க்குகளாக அகப்பட்டதாம். பரணுக்கு அடியில் நின்ற எனக்கு அந்த அப்பாவின் முகத்தை நன்றாகக் கற்பனை செய்ய முடிந்தது.

நாம் விளையாடாத ஒன்றையும் சொல்லவேண்டும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ், 1978. டோமொஹிரோ நிஷிகாடோ கேமை மட்டுமல்ல, அது ஓடுகிற மின்சுற்றையும் தானே செய்தார். 55 எதிரிகளைத் திரையில் நகர்த்த அந்த மெஷின் திணறியது. சுடச்சுட எண்ணிக்கை குறையும், மெஷினுக்குப் பாரம் குறையும், மிஞ்சியவர்கள் வேகமாக வருவார்கள். இது பிழை என்று திருத்தாமல் அவர் அப்படியே விட்டார். கடைசி ஒருவன் பறந்து வரும்போது வருகிற பதைபதைப்பு அங்கிருந்து வந்தது.

1996 இல் கரண்ட் மணிக்கணக்காக வெட்டிய இரவுகளில் பேட்டரியில் ஓடிய செங்கல் கேமும் அப்படித்தான். அதற்கு மூலமான டெட்ரிஸை 1984 இல் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய கம்பியூட்டரில் படம் வரையவே முடியாது. எழுத்து மட்டும்தான். அடைப்புக்குறிகளை அடுக்கிக் கட்டைகளாக்கினார். உலகம் முழுவதும் விற்ற அந்த கேமுக்கு அவருக்குப் பங்குப் பணம் வரத் தொடங்கியது 1996 இல்தான். நாம் மெழுகுதிரி வெளிச்சத்தில் செங்கல் அடுக்கிய அதே வருடம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அடாரி கம்பனியில் வாரன் ராபினெட் என்று ஒருவர் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே கேமைச் செய்தவர் பெயரைப் பெட்டியில் எங்கும் போடமாட்டார்கள். அவர் தனியாளாக அட்வென்சர் என்ற கேமைச் செய்தார், கோட்டைகளும் டிராகன்களும் உள்ள கேம். அதற்குள் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறை கட்டினார். பின்னணியின் அதே நிறத்தில் ஒரு புள்ளியைக் கண்டெடுத்துச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் உள்ளே போகலாம். உள்ளே இருப்பது அவருடைய பெயர், அவ்வளவுதான். சோல்ட் லேக் சிட்டியில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்துக் கம்பனிக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்பே ராபினெட் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தார். பெயர் அங்கேயே இருந்தது.

இதை வாசித்து மூன்றாம் நாள் கேசட்டுகளைத் துப்புரவாக்கினேன். நாம் ஒவ்வொரு முறையும் ஊதினோமே, அது கூடாதாம். எச்சில் ஈரத்தில் செம்பு முனைகள் அரித்துப்போகும். கழற்றித் திரும்பப் போட்டதால்தான் வேலை செய்தது, ஊதியதால் இல்லை. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்கலாம் என்று யுத்தத் தாங்கி விளையாட்டு உள்ள கேசட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். அதுதான், 99 கேம் என்று சொல்லி விற்று, வீட்டில் போட்டுப் பார்த்தால் ஒன்பதே திரும்பத் திரும்ப வந்த கேசட். மூடியின் உட்பக்கத்தில், கவராயத்தால் கீறியது: ரகு 1996.

மச்சான், அந்தக் கேசட் என்னுடையது. ஐயா புறக்கோட்டையிலிருந்து என் பிறந்தநாளுக்கு வாங்கி வந்தது. இத்தனை வருடமும் உன் பெயரை உள்ளே வைத்துக்கொண்டு எங்கள் பரணில் கிடந்திருக்கிறது. நான் தரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வந்து என்ன என்று கேட்டார், காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார், பிறகு சேலைத் தலைப்பால் துடைத்துத் தந்தார். கீறலுக்குக் கீழே சின்னவள் தன் பெயரையும் எழுதவேண்டும் என்கிறாள். உன்னைக் கேட்காமல் விடமாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனையில் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய குழாய் டீவி ஒன்று சும்மா கிடக்கிறதாம். சனிக்கிழமை திரீவீலில் போய் எடுத்து வருகிறேன். டிசம்பரில் நீ வரும்போது வாத்து விழும். எந்த நாளில், யாருடைய திருப்புளியால் அதைத் திறந்தாய் என்பதை மட்டும் டிசம்பர் வரை வைத்திருக்காமல் உடனே எழுது.

அன்புடன்,
சிவா