பிபிசி பெட்டியைக் கேட்டுவிட்டேன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முட்டி வலிக்கு எண்ணெய் தடவியது போதும், டாக்டரைப் பார். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாஸ்டலில் பழைய ஆடியோ பத்திரிகைகளைப் புரட்டி ஏங்குவோமே, பிபிசிக்காரர்கள் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கர், அதைக் கேட்டுவிட்டேன்! என் மைத்துனர் ரிட்டயர்மென்ட் பணத்தில் ரோஜர்ஸ் கம்பெனி தயாரித்த ஒரு பழைய ஜோடியை வாங்கியிருக்கிறார். வீட்டில் பாதி விலைதான் சொல்லியிருக்கிறார், நீயும் உளறிவிடாதே.

பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஓரடி உயரம், ஏழரை அங்குல அகலம். செருப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி. முன்துணியைக் கழற்றினால் உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், அதைச் சுற்றி நாலு பக்கமும் கறுப்புக் கம்பளிப் பட்டை ஒட்டியிருக்கிறது.

ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியைப் போட்டார். செல்வம், அந்தக் குரல்! அடுத்த வரியை எடுக்குமுன் பாடகி மெல்ல மூச்சிழுப்பது கேட்கிறது. பெட்டிகளை மறந்துவிட்டேன், இரண்டுக்கும் நடுவே அந்தம்மா உட்கார்ந்திருக்கிறார். தம்பூராவின் ரீங்காரம் பின்னால் தனியாக நிற்கிறது. இந்த அளவுக்குப் புகழ்ந்தவர்கள் பொய் சொல்லவில்லை.

அப்புறம் தனி ஆவர்த்தனம் வந்தது. மிருதங்கத்தின் வலந்தலையில், அதாவது வலப்பக்கத்தில், விழும் சாப்பு அடி சுள்ளென்று இருக்கிறது. இடப்பக்கமான தொப்பியில் கும்மென்று கும்கி இழுக்கும்போதோ நெஞ்சில் வந்து முட்ட வேண்டியது முட்டவில்லை. கேட்கத்தான் கேட்கிறது, கனம் இல்லை. அடி ஒலிக்கு ஐந்து அங்குல ஸ்பீக்கர் கூம்பு, பெட்டிக்குள்ளே ஐந்து லிட்டர் காற்று. எழுபது, எண்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலிக்கு அதனிடம் என்ன எதிர்பார்ப்பது? நூறு ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கொஞ்சம் தூக்கி வைத்திருப்பதால், கீழேயும் இருக்கிறது என்று காது நம்பிவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான ஏமாற்று!

மைத்துனர் மகன் வந்து சினிமாப் பாட்டைப் போட்டு வால்யூமைத் திருகினான். இவர் பதறிப்போய்க் கையைப் பிடித்தார். சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு, 83 டெசிபல் பக்கம்தான், குறைவு; ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தள்ளினாலும் கல்யாண மண்டபச் சத்தம் வராது.

அதில் பெட்டியின் குற்றம் எதுவும் இல்லை. ஸ்டுடியோக்களின் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிகளைக் கட்டி, உள்ளே ஒலி எப்படிப் பரவுகிறது என்று சோதிக்கத்தான் பிபிசி இதன் மூதாதையைச் செய்தது. 1970களில் அதுவே வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் ஒலியைச் சரிபார்க்கும் மானிட்டர் ஸ்பீக்கராக ஆனது. இடுக்கில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியருக்குப் பேச்சு சரியாகப் போகிறதா என்று தெரிந்தால் போதும். அந்த வேலைக்கு இதைவிட நல்ல பெட்டி இருக்குமா, சந்தேகம்தான். வரவேற்பறைக்கு இழுத்து வந்து உலகிலேயே சிறந்தது என்று மாலை போட்டவர்கள் நாம்.

மைத்துனரோ, மின்தடை 15 ஓம் உள்ள பெட்டிதான் அசல், 1987க்குப் பிறகு வந்த 11 ஓம் வேறு ஜாதி என்று மந்திரம் போல் சொல்கிறார். நான் கேட்டது ஒன்றைத்தானே, தலையாட்டினேன்.

நானாக இருந்தால் வாங்குவேனா? பத்தடி அறையும் இரவு நேரப் பாட்டும் போதுமென்றால் கண்டிப்பாக. உனக்கு வேண்டாம், நீ தவில் பைத்தியம்.

பொங்கலுக்கு வரும்போது அந்த நாகஸ்வர கேசட்டை எடுத்து வா. மைத்துனர் ஊருக்குப் போகும் நாளாகப் பார்த்துப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
ராகவன்