அயல்நாட்டிலிருந்து கைப்பிடி விதை வரவழைக்க முறையான வழி வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வீட்டுத்தோட்ட நாட்டு விதை சேகரிப்போர் சார்பில்,
பேராவூரணி வட்டம்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
வேளாண்மை உற்பத்தி ஆணையர் மற்றும் அரசுச் செயலாளர் அவர்கள்,
வேளாண்மை – உழவர் நலத்துறை,
தலைமைச் செயலகம்,
சென்னை – 600 009.

பொருள்: அயல்நாட்டில் வாழும் உறவினர்களிடமிருந்து சிறு அளவில் நாட்டு விதைகளை அஞ்சலில் பெறவும், அவர்களுக்கு அனுப்பவும், நோய்த்தடுப்பு விதிகளுக்கு உட்பட்ட எளிய அனுமதி முறை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா அவர்களுக்கு,

வணக்கம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் பக்கம் அடித்தபோது சாய்ந்த தென்னைகளை அதிகாரிகள் வந்து எண்ணினார்கள், நிவாரணமும் கிடைத்தது. ஆனால் ஓட்டோடும் கீற்றோடும் பறந்துபோன விதைக் கலயங்களை எண்ண எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை. எங்கள் வீட்டில் அப்படிப் போனது சிவப்பு விதைத் தம்பட்டை அவரை. அம்மா அந்த விதைகளை விளக்கெண்ணெய் தடவி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் போட்டு வாயை வேடுகட்டிப் பரண்மேல் வைத்திருப்பார். ஒவ்வொரு விதையும் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியது, ஓரம் நெடுக ஒரு கறுத்த தழும்பு இருக்கும். ஆடியில் ஊன்றினால் தை, மாசி வரைக்கும் வேலியில் காய் தொங்கும். மறுநாள் சேற்றில் கலயத்தின் ஓடுகள்தான் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் கேட்டேன். அவர்கள் வீட்டுப் பரணும் போயிருந்தது.

அந்த விதை இன்னும் ஓர் இடத்தில் உயிரோடு இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்திருந்த என் சித்தி, மலேசியாவில் ஈப்போவுக்குத் திரும்பும்போது கொஞ்சம் எடுத்துப்போயிருந்தார். அதற்கும் சான்றிதழ் வேண்டும் என்பது அன்று எங்கள் யாருக்கும் தெரியாது. புயல் செய்தி கேட்டுப் பேசியவர், “நம்ம வீட்டுக் காய் இங்க வேலி முழுக்கக் கெடக்குடி. விதை அனுப்புறேன், அழுவாத” என்றார்.

இருபத்து நான்கு விதைகளைப் பருத்தித் துணியில் முடிந்து உறையில் போட்டுச் சித்தி மகன் அஞ்சலகத்துக்குப் போனார். சுங்கத்துக்காக ஒட்டும் பச்சைச் சீட்டில் ‘பரிசுப்பொருள்’ என்று எழுதினால் கேள்வி இல்லாமல் போய்விடும் என்று வரிசையில் நின்ற ஒருவர் சொல்லியிருக்கிறார். தம்பி அதைக் கேட்கவில்லை. ‘தம்பட்டை அவரை விதை, 24’ என்றே எழுதினார். உள்ளதை எழுதியதால்தான் அந்த உறை நிறுத்தப்பட்டது. இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் இல்லை என்று ஆங்கிலத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. அதை ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த அலுவலர் என்னை உட்காரவைத்து, பொறுமையாகச் சட்டத்தை விளக்கினார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் தம் கடமையைச் செய்தார். விதைகள் அழிக்கப்பட்டன.

இந்தச் சட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்க இந்த மனுவை எழுதவில்லை. தென்னை வைத்திருக்கும் எங்களுக்கு அயல்நாட்டுப் பூச்சி என்றால் என்னவென்று கண்கூடாகத் தெரியும். 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈ பிறகு எங்கள் தோப்புகளுக்கும் வந்தது. ஓலையெல்லாம் கரி பூசியது போல் கறுத்தது. 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை முறைப்படி வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது. விதைக்குள் ஒளிந்து வரும் நச்சுயிரி இன்னும் மோசம், கண்ணுக்கே தெரியாது. வெள்ளரி, தர்ப்பூசணிக் குடும்பத்தைத் தாக்கி விதை வழியாகவும் பரவும் பச்சைத் தேமல் நச்சுயிரி 2014-இல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பகுதியில் தர்ப்பூசணித் தோட்டங்களில் கண்டுபிடிக்கப்பட்டபோது, கடுமையான காவல் உள்ள நாடு என்று பெயரெடுத்த அவர்களே திணறிப்போனார்கள். 2020-இல் கேட்காமலேயே விதைப் பொட்டலங்கள் பல நாட்டு வீடுகளுக்கு அஞ்சலில் வந்தபோது, ஆகஸ்ட் மாதத்தில் நம் மத்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களை எச்சரித்தது. காவல் வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

எங்கள் குறை வேறு. அழிவு செய்யும் பூச்சிகள் மற்றும் பீடைகள் சட்டம் 1914-இன் கீழ் வந்த 2003-ஆம் ஆண்டுத் தாவர நோய்த்தடுப்பு ஆணைப்படி, விதைப்பதற்கான விதைக்கு முன்கூட்டியே இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அனுப்பும் நாட்டின் அரசு சோதித்து, ஏற்றுமதிக்காரர்கள் ‘பைட்டோ’ என்று சொல்லும் தாவர சுகாதாரச் சான்றிதழ் தர வேண்டும். ஆணையின் அட்டவணைகளில் இல்லாத பயிராக இருந்தால், முதலில் அந்த நாட்டிலிருந்து வரக்கூடிய நோய், பூச்சிகளைப் பற்றிய இடர் ஆய்வு நடக்க வேண்டும். அதற்கான விவரங்களை அந்த நாட்டு அரசுத் துறை அனுப்ப வேண்டும். கப்பலில் டன் கணக்கில் விதை கொண்டுவரும் கம்பெனிக்கு இது சரியான ஏற்பாடு. இருபத்து நான்கு விதைக்காக ஈப்போவில் இருக்கும் எழுபது வயதுச் சித்தி எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்? விண்ணப்பத்தில் தாவரவியல் பெயர் கேட்கிறார்கள். தம்பட்டை அவரைக்குக் கனவாலியா கிளாடியாட்டா என்று பெயர் என்பதே இந்த அலைச்சலில்தான் எனக்குத் தெரிந்தது.

வழி இல்லாதபோது என்ன நடக்கிறது என்பதைத் தாங்கள் அவசியம் கவனிக்க வேண்டும். விதை வருவது நிற்கவில்லை. புடவை மடிப்பிலும் மசாலாப் பொட்டலத்துக்குள்ளும் வருகிறது. அப்படி வரும் விதையை எந்த அலுவலரும் பார்ப்பதில்லை. மண் ஒட்டியிருக்கிறதா, வண்டு துளைத்திருக்கிறதா என்று யாரும் சோதிப்பதில்லை. உண்மையை எழுதியவர் விதையை இழக்கிறார், மறைத்தவர் விதைத்துவிடுகிறார். நோய் வருவதானால் அந்த மறைத்த பொட்டலத்தில்தான் வரும்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. விதை பெறுபவர் அந்நாட்டு வேளாண்மைத் துறையிடம் ‘சிறு அளவு விதை’ அனுமதி வாங்கிக்கொண்டால், சுகாதாரச் சான்றிதழ் இல்லாமலேயே வரவழைக்கலாம். ஒரு பொட்டலத்தில் ஒரே இன விதை, 50 எண்ணிக்கைக்குள் அல்லது 10 கிராமுக்குள். ஒரு அனுப்புதலில் 50 பொட்டலங்கள் வரைதான். விதையில் மண், மணல், செடித்துணுக்கு எதுவும் இருக்கக் கூடாது, மருந்து பூசியிருக்கக் கூடாது. தாவரவியல் பெயர், அனுப்பியவர் பெயர், எந்த நாடு என்பது பொட்டலத்தின்மேல் இருக்க வேண்டும். அந்த உறை நேராக வீட்டுக்குப் போகாது. அனுமதியோடு தரும் பச்சை மஞ்சள் சீட்டை ஒட்டி, அரசின் தாவரச் சோதனை நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே பிரித்துப் பார்த்துத் தேறினால்தான் உரியவருக்கு வரும். தடை செய்யப்பட்ட இனங்களுக்கும் தனிக் கட்டுப்பாடு உள்ளவற்றுக்கும் இந்தச் சலுகை செல்லாது. வீட்டுத்தோட்டக்காரர் சட்டத்துக்குள் நின்று விதை வாங்க அங்கே இடம் இருக்கிறது. எல்லா நாடும் இப்படி இல்லை என்பதும் உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019 டிசம்பர் 14 முதல் அஞ்சலில் வரும் ஒரு சிறு விதைப் பொட்டலத்துக்கும் சான்றிதழ் கேட்கிறது.

தாவர நோய்த்தடுப்பு மத்திய அரசின் பொறுப்பு என்பதை அறிவோம். ஆகவே மாநில அரசின் கைக்குள் இருப்பதை முதலில் கேட்கிறோம். ஆராய்ச்சிக்கான விதை மூலங்களை வரவழைக்கப் புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வள அமைப்பு தனியாக அனுமதி தருகிறது. இது இன்றைக்கே நடைமுறையில் உள்ள வழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த அனுமதியைப் பெற்று, இங்கே அழிந்து மலேசியாவிலோ இலங்கையிலோ உறவினர் தோட்டங்களில் பிழைத்திருக்கும் நாட்டு ரகங்களை வரவழைக்கலாம். நோய்க்காப்பு உள்ள இடத்தில் ஒரு பருவம் வளர்த்துப் பார்த்து, சுத்தமானது என்று தெரிந்தபின் எங்களுக்குப் பகிர்ந்து தரலாம். ஒரு வருடம் காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருக்கிறோம். எந்த வீட்டில் எந்த விதை போயிற்று, அது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை நாங்களே எடுத்துத் தருகிறோம். புயலுக்குப்பின் சொந்த விதையை இழந்த டெல்டாவிலிருந்தே இதைத் தொடங்கினால் பொருத்தமாக இருக்கும்.

அடுத்ததாக, அமெரிக்க முறையைப் போல எண்ணிக்கை வரம்பும் கட்டாயச் சோதனையும் உள்ள சிறு அளவு விதை அனுமதியை இந்தியாவிலும் கொண்டுவர, ஃபரிதாபாத்தில் உள்ள மத்தியத் தாவரப் பாதுகாப்பு இயக்ககத்துக்குத் தமிழ்நாடு அரசு பரிந்துரைக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் தாவர நோய்த்தடுப்பு நிலையம் இருக்கிறது, சென்னையில் வெளிநாட்டு அஞ்சலகம் இருக்கிறது. சோதனைக்குப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை.

இங்கிருந்து அனுப்புவதிலும் தெளிவு வேண்டும். மகளுக்கோ தங்கைக்கோ நான்கு கொத்தவரை விதை அனுப்ப நினைப்பவர் தம் மாவட்டத்தில் யாரிடம் சுகாதாரச் சான்றிதழ் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். நாட்டு விதை என்பதால் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002 குறுக்கே வருமோ என்ற பயமும் உண்டு. ஆராய்ச்சிக்கும் வணிகத்துக்கும் கொண்டுபோவதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் கட்டுப்பாடு அவசியமானது, நம் விதையை எவரும் அள்ளிக்கொண்டு போகாமல் காப்பது அது. சமையலறைத் தோட்டத்துக்கு அனுப்பும் விதைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைத் தரமணியில் உள்ள தேசியப் பல்லுயிர்ப் பெருக்க ஆணையத்திடம் கேட்டுத் தமிழில் ஒரு விளக்கச் சுற்றறிக்கை வெளியிட வேண்டும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் விவசாயிக்கு உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எல்லை தாண்டும்போது அந்த உரிமை எந்த வரம்புக்குள் நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்தால், அந்த வரம்புக்குள் நிற்போம்.

தலைமை அஞ்சலகங்களிலும் வட்டார வேளாண்மை விரிவாக்க மையங்களிலும் இந்த விதிகளை ஒரு பக்கத்தில் தமிழில் ஒட்டிவைத்தாலே பாதிப் பேர் தவறு செய்யமாட்டார்கள். தடுத்து நிறுத்தும் கடிதத்தையும் தமிழில் அனுப்பச் சொல்ல வேண்டும். அழிப்பதற்கு முன், உரிய அனுமதி வாங்கவோ திருப்பி அனுப்பவோ எத்தனை நாள் அவகாசம் என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

சித்தியின் வேலியில் இந்த வருடமும் தம்பட்டை அவரை காய்த்திருக்கிறது. அனுமதி வரும்வரை விதை அனுப்ப வேண்டாம், யாரிடமும் கொடுத்துவிடவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு போத்தலில் சாம்பலோடு போட்டு வைத்திருக்கிறார். அவருக்குப்பின் அந்தத் தோட்டத்தைப் பார்க்க ஆள் இல்லை. அதனால் இந்த மனுவைக் காலம் தாழ்த்தாமல் பரிசீலித்து, எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: வந்த கடிதத்தின் நகல், பச்சைச் சீட்டின் படம், விதை இழந்த வீடுகளின் கையெழுத்துகள்.

இடம்: பேராவூரணி

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்