பாட்டரியில் பதினாலாயிரம் வோல்ட்

அன்பு மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். மூன்று தடவை கூப்பிட்டாய், மூன்று தடவையும் நான் எடுக்கவில்லை. "அப்புறம் பேசுறேன்" என்று ஒரு வரி தட்டிவிட்டு ஒளிந்துகொண்டேன். திட்டவேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் காரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

இரண்டு மாதமாக வண்டி சிக்னலில் நின்றால் உதறுகிறது. ஓடும்போது ஒன்றுமில்லை. அப்புறம் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் இன்ஜின் விளக்கு. மெக்கானிக் பிளக்கை மாற்றினார். பிறகு புகைக்குழாயில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். விளக்கு ஒரு வாரம் அணைந்திருந்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் தடவை, "இன்ஜினைப் பிரிச்சுப் பாத்துடலாமா சார்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஸ்கூட்டர் வளைவு திரும்புவதற்கு முன்பே சத்தத்தை வைத்து யார் வண்டி என்று சொன்னவன் நான். தாடி என்னிடம் பந்தயம் கட்டித் தோற்றதை மறந்திருக்க மாட்டாய். என்னிடமா இன்ஜினைப் பிரிப்பது?

ஸ்டீரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கிறது, உன் காரிலும் இருக்கும். ஓபிடி-2 என்பார்கள், காரின் கம்ப்யூட்டர் தன் கோளாறுகளை வெளியே சொல்லும் வாசல். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கினார்கள். பிறகு மற்ற நாடுகளும் பிடித்துக்கொண்டன. தீப்பெட்டி அளவு புளூடூத் அடாப்டர் ஒன்றை அதில் செருகினால் போனுக்கு எல்லாம் வருகிறது. வந்த பிழைக் குறியீடு பி0171. அதாவது கலவை லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. அவ்வளவுதான் சொல்லும். காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்லாது. அதைப் பார்த்துத்தான் அந்த மனிதர் சென்சாரை மாற்றியிருக்கிறார். பாவம், அந்தச் சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

சரி, ஓட்டிக்கொண்டே பதிவு செய்வோம் என்று ஆப்பில் 14 விஷயங்களை டிக் அடித்தேன். பேராசை. இந்த அடாப்டர் காரிடம் ஒவ்வொன்றாகத்தான் கேட்கும். கேட்பது கூடக்கூட ஒரு சுற்று வர நேரமாகும். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது, இந்த நொடியில் எடுத்தது; அதே வரிசையில் நிற்கும் காற்றளவு, இன்ஜின் இழுக்கும் காற்று, இரண்டு நொடி பழையது. அடுத்த தடவை ஐந்தோடு நிறுத்தினேன்: ஆர்பிஎம், கூலன்ட் வெப்பம், காற்றளவு, இரண்டு ஃப்யூயல் ட்ரிம் (அது என்னவென்று கீழே சொல்கிறேன்). பாட்டரி வோல்ட்டை ஆப்பே தானாகச் சேர்த்துவிடுகிறது.

பதிவானது சிஎஸ்வி கோப்பு, எண்களைப் பிரிப்பான் போட்டு வரிவரியாக எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. அதை லிப்ரே ஆபீஸ் கால்க்கில் திறந்தேன், எக்செல் மாதிரி கணக்குத்தாள். இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் முனகாமல் ஓடுகிறது. ஒரு தாளில் 10,48,576 வரிசை கொள்ளும். நொடிக்கு ஒன்று என்றாலும் பன்னிரண்டு நாள் இறங்காமல் ஓட்டலாம். ஆனால் திறந்ததும் என்ன கண்டேன் தெரியுமா? பாட்டரி 14125 வோல்ட்! ட்ரிம்முக்குச் சராசரி கேட்டால் பூஜ்யத்தால் வகுக்காதே என்று பிழை. ஒரு மணி நேரம் காரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தால், ஆப்பை எழுதிய புண்ணியவான்கள் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடும் ஊர்க்காரர்கள். 14,125 என்பதைக் கால்க் ஆயிரக் கணக்கில் படித்திருக்கிறது. 19,5 போன்றவற்றை எண் என்றே ஏற்காமல் எழுத்தாக வைத்துவிட்டது. கன்ட்ரோலும் எஃப்8-உம் சேர்த்து அழுத்தினால் எண்ணெல்லாம் நீலமாகும், எழுத்து கறுப்பாகவே நிற்கும். என் ட்ரிம் பத்திகள் முழுக்கக் கறுப்பு.

வைத்தியம் சின்னது. கோப்பைத் திறக்கும்போது ஒரு பெட்டி வருமே, நாம் எல்லாரும் படிக்காமல் ஓகே அழுத்துவோமே, அதில் மொழி என்று ஓர் இடம் இருக்கிறது. ஜெர்மன் என்று கொடு. பிரிப்பானாக அரைப்புள்ளியை மட்டும் டிக் செய். பாட்டரி பதினாலு வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நெட்டையனிடம் இதைச் சொன்னேன். "உன் கார் ஜெர்மன் பேசுதா?" என்று கேட்டுவிட்டு அவனே அரை மணி நேரம் சிரித்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ட்ரிம் என்பது, கணக்குப்படி ஊற்றவேண்டிய பெட்ரோலுக்கு மேல் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூட்டவேண்டி வந்தது என்பது. குறுகிய கால ட்ரிம் ஒன்று, நீண்ட கால ட்ரிம் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டினேன், மொத்தப் பயணத்துக்கும் சராசரி எடுத்தேன். 9 சதவீதம். அட, இது பெரிய குறையில்லையே என்று லேப்டாப்பை மூடப்போனேன். அப்போது உன் மூன்றடி ஆறு ஞாபகம் வந்தது மாப்ளே, சராசரி ஆழம் மூன்றடிதானே என்று இறங்கி நடு ஆற்றில் மூழ்கியவன் கதை. முப்பது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லி என் உயிரை வாங்கினாயே, முதல் தடவையாகப் பயன்பட்டது.

இன்ஜின் சூடாவதற்கு முன் உள்ள வரிசைகளை ஃபில்டர் போட்டு ஒதுக்கினேன். அப்போது கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு நடப்பதில்லை. காலை எடுத்துச் சரிவில் விட்ட இடங்களையும் தள்ளினேன். மிச்சத்தை ஆர்பிஎம் வாரியாகப் பிரித்து, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளுக்கு மட்டும் சராசரி எடுக்கும் ஆவரேஜ்இஃப்ஸ் போட்டேன். ஆயிரத்துக்குக் கீழே 23 சதவீதம். 2500-ஐ ஒட்டி 5. படமாகவும் வரைந்தேன். லைன் சார்ட் போடாதே, அது எல்லா வரிசைக்கும் சம இடைவெளி கொடுத்துவிடும். எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர்தான் சரி. ஆர்பிஎம்மையும் ட்ரிம்மையும் ஒரே அச்சில் போட்டால் ட்ரிம் தரையோடு படுத்துவிடும், அதற்கு வலப்பக்கம் இரண்டாவது ஒய் அச்சு கொடு. கொடுத்தேன். ஒரு கோடு இறங்கும் இடமெல்லாம் மற்றது ஏறுகிறது. கிணற்றில் இரண்டு வாளி மாதிரி.

பெட்ரோல் பம்ப் வலுவிழந்திருந்தால் வேகம் கூடும்போதுதான் குறை கூடும். இது தலைகீழ். காற்றை அளக்கும் சென்சாருக்கு அப்பால் எங்கோ ஓட்டை. நின்றிருக்கும்போது இன்ஜின் இழுப்பது நொடிக்கு 3 கிராம் காற்று, திருட்டுத்தனமாக 0.6 கிராம் நுழைந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு. ஓடும்போது 15 கிராம் இழுக்கிறது, அதே 0.6 அங்கே நாலே சதவீதம். அதனால்தான் சிக்னலில் மட்டும் உதறல். இந்தக் கணக்கு கூடிவந்தபோது இரவு பன்னிரண்டரை, எழுப்பிச் சொல்ல ஆள் இல்லை.

காலையில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஓட்டை இருந்தால் 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கும் இல்லையா? ஒன்றுமே இல்லை. குனிந்தேன், நகர்ந்தேன், ஒன்றுமில்லை. என் கணக்குதான் தப்பு என்று முடிவு கட்டியபோது மகள் ஸ்கூலுக்குக் கிளம்பி வந்தாள். "என்னப்பா, பாம்பு மாதிரி சீறுது?" நேராகக் கையை நீட்டினாள். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸிலிருந்து, காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ், அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு வெடிப்பு. விரலால் பொத்தினேன், உதறல் நின்றது. எடுத்தேன், உதறியது. அவளுக்கு அந்தச் சத்தம் வாசலிலிருந்தே கேட்டிருக்கிறது. எனக்கு ஒரு சாண் தூரத்தில் கேட்கவில்லை.

அதுதான்டா விஷயம். கொஞ்ச நாளாகவே போனில் நீ பேசுவது பாதி புரியவில்லை. குரல் கேட்கிறது, வார்த்தை வரவில்லை. ஸ, ச வருகிற இடமெல்லாம் வழுக்கிவிடுகிறது. போன தடவை உன் சம்பந்தி பற்றி ஏதோ சொன்னாய், நான் சிரித்தேன், நீ சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாய். அன்றிலிருந்து போனை எடுக்கவே கூச்சம். அவருக்கு என்ன? தவறாகச் சிரித்திருந்தால் மன்னித்துவிடு, எழுது.

புது ஹோஸ் போட்டு நேற்று மறுபடி பதிவு செய்தேன். வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் ட்ரிம் 3 சதவீதம். இரண்டு கோப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஜெர்மனை மறக்காதே. உன் வண்டி பிக்கப் இல்லை என்று அழுதாயே, அதையும் பதிந்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காதுக்கு டெஸ்ட். அவர்களும் ஒரு கிராஃப்தான் கொடுப்பார்களாம், வயதானவர்களுக்கு வலப்பக்கம் சரிந்து இறங்குமாம். வாங்கிவந்து கால்க்கில் போட்டு அனுப்புகிறேன். தாடிக்கு மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே, பந்தயப் பணத்தைத் திருப்பிக் கேட்பான்.

உன்,
பழைய ஸ்கூட்டர் ஜோசியன்